ஏரிக்கரை மண்மேட்டைக் குவிச்சது யார்?

இந்த வாரம் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

பங்குனி மாசக் கடைசியில எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு படம் வந்தது. ஏரித் தண்ணி ஓரமா வரிசையா சின்னச் சின்ன மண்மேடு. மேல மஞ்சள், குங்குமம். கீழே வழக்கமான எழுத்து: ஒரே ராத்திரியில தானா முளைச்ச நாகர் புற்று, நேர்கோட்டுல நிக்கிற அதிசயத்தைப் பாருங்க, பதினோரு பேருக்கு அனுப்புங்க. அடுத்த நாளே அதே படம் காலேஜ் நண்பர்கள் குரூப்லயும் வந்துடுச்சு. அதுக்குள்ள ஊர்ப் பேர் மாறி, அஞ்சு தலை நாகத்தை நேர்ல பார்த்தவங்க வரைக்கும் கதை வளர்ந்திருந்தது.

எனக்கு அந்த ஏரி தெரியும். செய்யாறு பக்கம், எங்க அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். மஞ்சள் வெச்சவங்கள்ல அத்தையும் ஒருத்தங்க.

யாரையும் மட்டம் தட்ட இதை எழுதல. அதுக்கு இணையத்துல ஏற்கெனவே நிறைய பேர் இருக்காங்க. என் கேள்வி வேற. ஒரு தடயம் கண்ணுக்குத் தெரியுது. செஞ்சது யாருன்னு தெரியல. அந்த நிலைமையில "இன்னார்தான் செஞ்சது"ன்னு சொல்ல நமக்கு எப்போ உரிமை வருது? "ஆராயக் கூடாது, நம்பணும்"னு நம்ம குரூப்புகள்ல அடிக்கடி சொல்றாங்களே, அது சரியா?

முதல்ல மண்ணைப் பார்ப்போம். ஊர்ல மடை திறந்து அடைக்கிற தாத்தா ஒருத்தர் இருக்கார். எழுபது தாண்டினவர். ஒரு சனிக்கிழமை காலையில அவரோட கரையைச் சுத்தி வந்தேன். மூணு மணி நேரம் ஆச்சு. அந்தக் கரையில மண்ணைக் குவிக்கிற ஜீவன் எத்தனைன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.

"தம்பி, தூரத்துல நின்னு பேர் வைக்காதே. மண்ணைத் தொட்டுப் பாரு. உருண்டையா இருக்குதா, பொடியா இருக்குதா?"

தண்ணி ஓரத்து வரிசையில இருந்தது உருண்டை. கோலி குண்டு அளவுல ஈர மண் உருண்டைகள், ஒரு ஓட்டையைச் சுத்தி சின்னக் கிணத்துச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தது. நண்டு வளை. நண்டு உள்ளே தோண்டி, சேத்தை உருட்டி மேல கொண்டுவந்து வெளியே வைக்கும். பெரும்பாலும் ராத்திரி வேலை, அதனால காலையில பார்க்கிறவங்களுக்கு "தானா முளைச்ச" மாதிரி இருக்கும். சரி, நேர்கோடு? அதுக்கும் பதில் அங்கேயே கிடந்தது. வெயில் காலத்துல ஏரி வத்த வத்த தண்ணி ஒரு விளிம்பா பின்வாங்குது. நண்டுக்கு உடம்புல ஈரம் காயக் கூடாது, கொஞ்சம் தோண்டினா தண்ணி எட்டணும். அதனால தண்ணி நின்ன விளிம்பை ஒட்டியே வளை போடுது. அந்தக் கோட்டைப் போட்டது தண்ணி.

கொஞ்சம் தள்ளி, புல் இருக்கிற ஈரத்தரையில இடியாப்பம் பிழிஞ்சு வெச்ச மாதிரி குட்டிக் குட்டிக் குவியல். அது மண்புழு கழிச்ச மண். ஈர மணல்ல விரல் தடிமனுக்கு மேல உப்பி, வெடிச்சு ஓடின கோடு பிள்ளைப்பூச்சி போன வழி. கரையோட வெளிச்சரிவு அடியில இருந்தது வேற மாதிரி: காய்ஞ்ச பொடி மண், முறத்துல அள்ளிக் கொட்டின மாதிரி விசிறியா பரவி, ஓட்டையே கண்ணுக்குத் தெரியாம. தாத்தா குச்சியால கிளறினார். உள்ளேயிருந்து மண்ணை வெச்சு வாயை அடைச்சிருந்தது. பெருச்சாளி. வளைக்குள்ள போனதும் வாசலை மண்ணால மூடிக்கிற பழக்கம் அதுக்கு உண்டு. (மயில் காலடியில பாம்பு, அண்ணன் பிள்ளையார் காலடியில மூஞ்சூறு. நம்ம சாமி வீட்டுக் குடும்பப் படத்துல வளையில இருக்கிறவங்களுக்குக் குறைவே இல்ல.)

நிஜமான புற்றும் ஒண்ணு இருந்தது. பனைமரத்தடியில, என் நெஞ்சு உயரத்துக்கு, கல்லு மாதிரி இறுகி. அதைக் கட்டினது கறையான். "கறையான் புற்றெடுக்க பாம்பு குடிபுகுந்தது போல"ன்னு நம்ம பாட்டிங்க சொல்ற பழமொழியிலேயே உண்மை முழுசா இருக்கு. பாம்பு மண்ணைச் சுமந்து கட்டாது. கறையான் விட்டுப்போன புற்றுலயோ, எலி வளையிலயோ வந்து தங்கும். உடும்பு கூட புற்றுக்குள்ள முட்டை வைக்கிறது உண்டு. நெஞ்சு உயரப் புற்று ஒரே ராத்திரியில வராது, அது பல வருஷத்து வேலை.

சந்தேகம் தீரலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். வளை வாசல்ல சாயங்காலம் சாம்பலைச் சலிச்சுத் தூவிட்டு, விடிஞ்சதும் கால்தடம் பார்க்கணுமாம். புற்றுல ஆள் இருக்குதான்னு தெரியணும்னா ஓரமா ஒரு கீறல் போட்டு மறுநாள் பார்க்கணும். கறையான் இருந்தா ஈரமண் வெச்சுப் பூசியிருக்கும். சொன்னாரே தவிர, அந்தப் பனையடிப் புற்றை அவர் கீறல. கையெடுத்துக் கும்பிட்டுட்டு நகர்ந்துட்டார். எனக்கு அது ரொம்பப் பிடிச்சது. அது தனியா, கரையை விட்டுத் தள்ளி நிக்குது. அதுக்குள்ள யார் இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்ல. பெருச்சாளி வளை விஷயத்துல மட்டும் அவர் விடல. மூணு இடத்துல சாம்பல் தூவச் சொல்லிட்டார்.

ஏன்னு சொல்றேன். ஏரிக்கரைன்னா வெறும் மண்சுவர். ஒரு பக்கம் தண்ணி அழுத்திக்கிட்டே இருக்கும். உள்ளே ஒரு எலி வளை குறுக்கா போயிருந்தா, ஏரி நிரம்பும்போது தண்ணி அந்த வழியைக் கண்டுபிடிச்சிடும். முதல்ல விரல் அளவு கசிவு. கசிவு தெளிஞ்ச தண்ணியா வந்தா ஓரளவு பொறுத்துப் பார்க்கலாம். கலங்கலா வந்தா உள்ளேயிருந்து மண்ணு போகுதுன்னு அர்த்தம். மண்ணு போகப் போக துவாரம் பெருசாகும், பெருசாகப் பெருசாக இன்னும் வேகமா மண்ணு போகும். அப்புறம் உடைப்புதான். கறையான் உள்ளே குடைஞ்ச வழியும் இதே வேலையைச் செய்யும். ஐப்பசி கார்த்திகை மழையில நடுராத்திரி கரை உடைஞ்சா, கீழே ஆயக்கட்டு நிலமும், தாழ்வான தெருவும்தான் முதல்ல முழுகும்.

அந்த வருஷம் கோடையிலயே கரையைப் பலப்படுத்த ஊர்ல முடிவு பண்ணியிருந்தாங்க. மண் அடிக்க ஜேசிபி வந்து நின்னது. படம் பரவினதும் வேலை நின்னுபோச்சு. ஓட்டுற தம்பி பயந்துட்டார், "நாகர் புற்றுல கை வெச்சா என் வீட்டுக்கு யார் பொறுப்பு?" அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனா யோசிச்சுப் பாருங்க. வைகைக் கரை உடைஞ்சப்போ பிட்டுக்கு மண் சுமக்க ஈசனே கூலியாளா வந்தார்னு திருவிளையாடல் சொல்ற ஊர்க்காரங்க நாம. சாமி பேரைச் சொல்லி, கரைக்கு மண் சுமக்கிற வேலையை நிறுத்தி வெச்சிருக்கோம்.

தப்பான பேர் வைக்கிறது யாருக்கும் கேடில்லாத விளையாட்டுன்னு நினைக்கிறவங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன். பேர் வெச்சவர் சென்னையிலயோ பெங்களூருலயோ உட்கார்ந்து அனுப்பிட்டுப் போயிடுவார். விலை கொடுக்கிறது அந்தக் கரைக்குக் கீழே தூங்குறவங்க.

என் வேலையிலயும் இது தினசரிக் கதை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சர்வர் படுத்துடும். அஞ்சு நிமிஷத்துல யாராவது ஒருத்தர் "நெட்வொர்க் பிரச்சினை"ன்னு சொல்லிடுவாங்க. லாக் எதையும் யாரும் இன்னும் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க. பேர் வெச்சதும் மனசுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்க, அந்த நிம்மதிதான் ஆபத்து. அதுக்கப்புறம் யாரும் தேட மாட்டாங்க.

இதை மேல்நாட்டு அறிவியல் நமக்குச் சொல்லிக்கொடுக்கணும்னு இல்ல. நியாய சூத்திரத்துல இதே விவாதம் இருக்கு, அதுவும் நம்ம மயிலை வெச்சே. பெயர்ந்து போகிற எறும்பு முட்டையைத் தூக்கிட்டுப் போனா மழை வரும், மயில் அகவினா மழை மேகம் இருக்கு, ஆறு பெருகி வந்தா மேல எங்கேயோ மழை பெஞ்சிருக்கு. இதெல்லாம் தடயத்தை வெச்சு ஊகிக்கிறது. எதிராளி கேட்கிறார்: ஆத்தை யாராவது கீழே அடைச்சிருந்தாலும் தண்ணி பெருகுமே? புற்றை யாராவது கலைச்சிருந்தாலும் எறும்பு முட்டையோட ஓடுமே? மயில் மாதிரி ஒரு மனுஷன் கத்தியிருக்கலாமே? அப்போ ஊகமே நம்பத்தகாதது இல்லையா?

பதில் அருமையானது. அடைப்பால ஏறின தண்ணியும் மழை வெள்ளமும் ஒண்ணில்ல. மழை வெள்ளம் வேகமா, நுரையோட, இலையும் கட்டையும் அடிச்சுக்கிட்டு வரும். பயந்து ஓடுற எறும்பும், கூட்டம் கூட்டமா இடம் மாறுற எறும்பும் ஒண்ணில்ல. சரியா கேட்கத் தெரிஞ்சவனுக்கு மனுஷன் குரலும் மயில் குரலும் வேற. தடயத்தை அரைகுறையா பார்த்துட்டு முடிவுக்கு வந்தா, குத்தம் ஊகிச்ச ஆளோடது, ஊகம்ங்கிற கருவியோடது இல்லைன்னு உரைகாரர் வாத்ஸ்யாயனர் விளக்குறார். 1,500 வருஷத்துக்கும் முந்தின பேச்சு. மடை தாத்தா இதையெல்லாம் படிச்சதில்ல. "உருண்டையா, பொடியா"ன்னு அவர் கேட்டது அதே கேள்விதான்.

நம்ம சைவ சித்தாந்தமும் இப்படித்தான் தொடங்குது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ல கடவுளைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி அளவையைப் பேசுறார். எதை வெச்சு எதை அறியலாம்னு. காட்சி, கருதல், உரை. அதுலயும் ஐயமும் திரிபும் நீங்கின காட்சியைத்தான் காட்சின்னு ஒத்துக்கிறார். "ஆராயாதே"ன்னு சொல்றவங்க இந்த நூலை எங்கே வைப்பாங்கன்னு எனக்குப் புரியல.

எவ்வளவு காலம் பொறுத்துப் பார்த்தா போதும்னு கேட்டா, டார்வின் கதையைச் சொல்வேன். மண்புழு கீழ்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா மேல கொண்டுவருதுன்னு அவருக்கு ஒரு எண்ணம். 1842இல் தன் வீட்டுப் பக்கத்து வயல்ல சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பினார். 1871இல் அதே இடத்துல பள்ளம் வெட்டிப் பார்த்தார். வெள்ளைக் கோடு 7 அங்குலம் கீழே போயிருந்தது. 29 வருஷம்! நம்ம நீலகிரி மண்புழுக் குவியல்கூட அவர் கைக்குப் போயிருக்கு. எல்லாம் சேர்த்து 1881இல் புத்தகமா போட்டார், அதுதான் அவரோட கடைசிப் புத்தகம். நம்மால 29 வருஷம் முடியாது. ஒரு ராத்திரி சாம்பல் தூவிப் பார்க்க முடியும்ல?

இப்போ அத்தைகிட்ட வருவோம். இதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், "அத்தை, அது நண்டு வளை"ன்னு சொன்னேன். அவங்க அடுப்பைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க, "இருக்கட்டும்டா. நண்டுக்கு மஞ்சள் வெச்சா தப்பா?"

என்கிட்ட உடனே பதில் இல்ல. யோசிக்க யோசிக்க அந்தக் கேள்வியோட ஆழம் தெரிஞ்சது. கும்பகோணம் பக்கம் திருந்துதேவன்குடின்னு ஒரு தலம். நண்டு பூஜை பண்ணின சிவன், கற்கடேஸ்வரர். ஜனங்க நண்டாங்கோயில்னே சொல்வாங்க. திருச்சி பக்கத்துல திருவெறும்பூர், எறும்பு வழிபட்ட இடம். திருவாரூர்ல மூலவர் பேரே புற்றிடங்கொண்டார். கர்நாடகத்துல குக்கே சுப்ரமண்யா போனவங்களுக்குத் தெரியும், நம்ம முருகனையே அங்கே நாக ரூபமா கும்பிடுறாங்க, புற்றுமண்தான் பிரசாதம். நம்ம மரபுல நண்டு நண்டாவே கோயிலுக்குள்ள வந்திருக்கு, எறும்பு எறும்பாவே வந்திருக்கு. யாரும் அதைப் பாம்புன்னு மாத்திச் சொல்லி உள்ளே கூட்டிட்டு வரல. அதனால அத்தை மஞ்சள் வெச்சதுல எனக்கு எந்தத் தப்பும் தெரியல. கும்பிடுறது மனசு சம்பந்தப்பட்டது, அது பொய்யாக முடியாது. "ஒரே ராத்திரியில நாகர் எழுந்தார், தொடாதே"ங்கிறது அப்படி இல்ல. அது உலகத்தைப் பத்தின ஒரு செய்தி. அது மெய்யா இருக்கலாம், பொய்யா இருக்கலாம், அதை நம்பி ஜேசிபி நிக்கலாம். இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழைச்சு அனுப்புறதுதான் அந்தப் பதினோரு பேர் மெசேஜ் செய்யிற வேலை.

இதை அத்தைகிட்ட இவ்வளவு நீளமா சொல்லல. "தப்பில்ல அத்தை. ஆனா கரைக்கு அந்தாண்ட இருக்கிறது பெருச்சாளி வளை. அதை வெட்டி மண் அடிக்க விடணும்"னு மட்டும் சொன்னேன். "அதை யாருடா கும்பிட்டா?"ன்னு கேட்டாங்க. மறுநாள் அவங்களே போய் ஜேசிபி தம்பிகிட்ட பேசினாங்க. வளையைக் கடைசி வரைக்கும் வெட்டிப் பார்த்து, களிமண் போட்டு இறுக்கினாங்க. பனையடிப் புற்று அப்படியே இருக்கு.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. தடயத்தைப் பார்த்துச் செஞ்சவரைச் சொல்றது சின்ன விஷயம் இல்ல. நம்ம சித்தாந்தத்தோட முதல் படியே அதுதான். மெய்கண்டாரோட சிவஞான போதம் முதல் சூத்திரத்துல, அவன் அவள் அதுன்னு சொல்லப்படுற இந்த உலகம் தோன்றி நின்று ஒடுங்குது, அதனால அதுக்கு ஒரு கர்த்தா உண்டுன்னு போகுது வாதம். குடத்தைப் பார்த்தா குயவன் உண்டுன்னு தெரியிற மாதிரி. அவ்வளவு பெரிய இடத்துல பயன்படுத்துற கருவியை, நண்டு வளைகிட்ட இப்படி மழுங்கடிச்சா, அப்புறம் எதை வெச்சு அங்கே போய் நிப்போம்?

ஆனா பனையடிப் புற்று எனக்கு ஒரு சிக்கலையும் கொடுக்குது, மறைக்க விரும்பல. குடத்துக்குக் குயவன் மனசுல ஒரு வரைபடம் இருக்கு. புற்றுக்கு அப்படி இல்ல. கட்டுற வேலைக்காரக் கறையானுக்குக் கண்ணே கிடையாது. ராணி உத்தரவு போடுறதும் இல்ல, முட்டை போடுறதோட சரி. ஒண்ணு எச்சில் கலந்து ஒரு மண் துளியை வைக்கும், அந்தத் துளியே அடுத்ததை அங்கே வைக்கத் தூண்டும். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் பியர் பால் கிராஸே 1959இல் இதுக்கு ஸ்டிக்மெர்ஜின்னு பேர் வெச்சார். எங்க பாஷையில சொன்னா, சென்ட்ரல் சர்வர் இல்லாத சிஸ்டம். உள்ளே காத்து போக வழி, காளான் வளர்க்கிற அறை எல்லாம் இருக்கு, ஆனா மொத்த வரைபடம் யார்கிட்டயும் இல்ல. அப்போ குடத்துலேர்ந்து குயவனுக்குத் தாவுற மாதிரி, புற்றுலேர்ந்து அவ்வளவு சுலபமா தாவ முடியுமா?

சித்தாந்தி இதுக்கு வாயடைச்சு நிக்க மாட்டார். காரணம் மூணுன்னு பிரிப்பார்: மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். கறையானும் அதோட எச்சிலும் எல்லாம் அந்த "அது"வுக்குள்ளயே அடங்கும், நான் கேட்கிறது மொத்தத்துக்கும் நிமித்தம் யாருன்னு, என்பார். இந்தப் பதில்ல ஒரு பலம் இருக்கு. கடவுளைக் கறையானுக்குப் போட்டியா நிறுத்தாது. படம் அனுப்பினவர் செஞ்சது அதைத்தான், நண்டோட வேலையைப் பிடுங்கிச் சாமிகிட்ட கொடுத்தார். ஆனா, பகுதிகளுக்கு வரைபடம் தேவைப்படலைன்னா மொத்தத்துக்கு மட்டும் ஏன் தேவைன்னு எதிராளி கேட்டா, குட உதாரணம் மட்டும் போதாதுன்னு எனக்குத் தோணுது. வேற வாதம் வேணும். சித்தாந்தத்துல அது இருக்குன்னு நம்பித்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்.

முதல் மழை விழுந்ததும் அந்தப் பனையடியில புற்றுக்காளான் வெடிக்கும். ஊர்ப் பசங்க பறிக்க ஓடுவாங்க. அதை உள்ளே வளர்த்தது கறையான்னு யார் வேணும்னாலும் தோண்டிப் பார்த்துச் சொல்லலாம். கறையானுக்கு அந்த விவசாயம் எப்படி வந்ததுன்னு கேட்டா, மெய்கண்டாரும் பேச வருவார், டார்வினும் பேச வருவார். ரெண்டு பேரையும் முழுசா கேட்டு முடிக்கிற வரைக்கும் அந்த இடத்துல நான் எந்தப் பேரையும் எழுதப் போறதில்ல.